கந்தகனின் ஐந்து வாசகர்கள்

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கும் வாட்ஸப் குழுவில் சண்டை. ஆரம்பித்தது நான் இல்லை, முடித்ததும் நான் இல்லை. நடுவில் அதிகம் கத்தியது மட்டும் நான்.

செங்குருவி காமிக்ஸ் எடிட்டர் அறிவிப்பு போட்டிருக்கிறார். இந்த வருடம் மதுரைப் புத்தகத் திருவிழாவுக்கு 'கந்தகன்' குண்டு புக் வருகிறதாம். பழைய இதழ்களைச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு. ஆனால் எந்தக் கந்தகன் என்பதை வாசகர்கள்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வந்த அடிதடிக் கந்தகனா, கடைசியில் இன்னாசிமுத்து என்பவர் எழுதிய ஒன்பது இதழ்களா? வாட்ஸப்பில் ஓட்டு வைத்தால் ஒரே ஆள் நாலு நம்பரிலிருந்து போடுகிறானாம். அதனால் கையால் எழுதித் தபாலில் வருகிற கடிதம் மட்டும்தான் கணக்கு.

குழுவில் அத்தனை பேரும் அடிதடிக் கட்சி. "அழுமூஞ்சிக் கந்தகன் வேணாம்ணே, புக்கோட ஒரு கர்ச்சீப்பும் சேத்துல்ல விக்கணும்" என்று ஹபிபுல்லா போட்டான். டவுன்ஹால் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறான், என் நெருங்கிய சேக்காளி. அவனே இப்படி. அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

எனக்கு வந்ததே கோபம்! இவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒன்பதையும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பறப்பது, உள்ளங்கையிலிருந்து நெருப்பு எறிவது, இதெல்லாம் எல்லாக் கந்தகனிலும் உண்டு. இன்னாசிமுத்து எழுதிய மூன்றாம் இதழில் அவன் ஒரு பஸ்ஸைக் காப்பாற்றப் போய் ஒரு வீட்டுச் சுவரை இடித்துவிடுவான். மறுநாள் முகமூடி இல்லாமல், கைலியைக் கட்டிக்கொண்டு, அதே வீட்டுக்குச் சித்தாள் வேலைக்கு வருவான். வீட்டுக்காரி கந்தகனை வாய் ஓயாமல் திட்டுவாள், இவன் தலையைக் குனிந்துகொண்டு கலவை குழைப்பான். ஐந்தாவதில் வில்லன் செத்துப்போவான். அவன் அம்மா பிணத்தைத் தேடிக்கொண்டு வருவாள். அவளைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது கந்தகன்தான். ஏழாவது முழுக்க லாட்ஜில் காய்ச்சலோடு படுத்திருப்பான், ஒரு குத்துகூடக் கிடையாது. செய்ததை நினைத்து வெட்கப்படுகிற சூப்பர் ஹீரோவை வேறு யார் எழுதினார்கள்? சொல்லட்டும் பார்ப்போம்.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். ஒருத்தன் கொட்டாவிப் பொம்மை போட்டான்.

"நாப்பத்தேழு வயசுல பொம்ம புஸ்தகத்துக்குச் சண்டை. மாடியில தொட்டி வழியுது, அதப் போயி பாருங்க" என்றாள் மனைவி செண்பகவல்லி. போய்ப் பார்த்தேன். மிதவை உடைந்திருக்கிறது. பம்ப்செட் கம்பெனிக்காரன் வீட்டில்! வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூலை 10, வியாழன்

சாத்தூரில் ஒரு டீலர் கடையில் புகார். முடித்துவிட்டு, எடிட்டரிடம் வாங்கிய விலாசத்தை வைத்து இன்னாசிமுத்து ஐயாவைத் தேடிப் போனேன். எழுபத்து நாலு வயது. காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவர். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்.

"கந்தகனா? அதப் படிச்ச ஆளு இருக்கா தம்பி?" என்று கேட்டார். நான் இதழ் இதழாகச் சொல்லச் சொல்ல மனுஷர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஒம்பது புக்கு எழுதுனேன். ஒரு கடுதாசி வரல. இப்ப இருக்க எடிட்டரோட அப்பா, பெரியவரு, 'வந்தா குடுத்து விடுறேன்யா'ன்னாரு. நானும் சாப்பாட்டு நேரத்துல ஆபீசுக்குப் போயி எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

குண்டு புக்கைப் பற்றிச் சொன்னேன். "நடந்தா சந்தோசம். கண்ணுல புரை வேற இருக்கு, சட்டுன்னு போட்டாகன்னா நானும் பாத்துருவேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து எடிட்டருக்குப் போன் போட்டு, கடிதம் எப்படி வருகிறது என்று கேட்டேன். அடிதடிக்கு எக்கச்சக்கம். இந்த ஒன்பதுக்கு ஒன்றுகூட இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

மைப் பேனா ஒன்று, ஜெல் பேனா ஒன்று, பச்சை ரீபில் ஒன்று, கோடு போட்ட தாள், போடாத தாள் எல்லாம் வாங்கினேன். "பள்ளிக்கூடத்துல சேரப் போறீகளா?" என்று செண்பகவல்லி கேட்டாள். கம்பெனி வேலை என்றேன்.

ஜூலை 16, புதன்

ராஜபாளையம். மோட்டார் வியாபாரம் சுமார். தபாலாபீசில் ஒரு சின்ன வேலை இருந்தது, முடித்துக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

தேனி. அங்கேயும் தபாலாபீசில் ஒரு சின்ன வேலை.

ஜூலை 22, செவ்வாய்

பழனி, உடுமலை, கோவில்பட்டி. எல்லாம் முடிந்தது.

சரி, என் நோட்டில் என்னத்தை மறைப்பது? ஐந்து கடிதம் எழுதினேன். ஐந்து பேர், ஐந்து ஊர், ஐந்து கையெழுத்து. இடது கையால் எழுதியது ஒன்று. அந்தந்த ஊர் முத்திரை விழ வேண்டும் என்பதால் அந்தந்த ஊரிலேயே பெட்டியில் போட்டேன். அனுப்புநர் விலாசத்துக்கு எங்கள் டீலர் கடைகளைக் கொடுத்தேன், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதில் பொய் என்ன இருக்கிறது? சொன்ன கருத்து அத்தனையும் உண்மை. படித்திருந்தால் ஊருக்கு ஐந்து பேர் இப்படி எழுதியிருப்பார்கள். படிக்கக் கிடைக்காதது அவர்கள் தப்பா?

ராஜபாளையம் கோமதி கடிதம்தான் பிரமாதமாக வந்திருக்கிறது. தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறாள், புருஷன் இல்லை, மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான். மூன்றாம் இதழை மிஷின் டிராயரில் வைத்து, மனசு சரியில்லாத அன்று எடுத்துப் படிப்பாளாம். எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. என்ன மனுஷன் நான்!

ஐந்து பேரும் ஒன்பதாம் இதழின் கடைசிக் காட்சியைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சக்தியெல்லாம் போன கந்தகன் ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்பான். முன்னால் நிற்பவள் அவன் ஒரு காலத்தில் தீயிலிருந்து தூக்கி வந்தவள். அவளுக்கு அடையாளம் தெரியாது. "தம்பி, இந்த டின்ன கொஞ்சம் தூக்கி விடுப்பா" என்பாள். தூக்கி விடுவான். அவ்வளவுதான், கதை முடிந்தது. அந்த ஒரு பக்கத்துக்கே கெட்டி அட்டை போடலாம்.

ஜூலை 29, செவ்வாய்

எடிட்டரே போன் செய்தார். "சிவநேசன் சார், ஒங்க ஆளுக்கு அஞ்சு லெட்டர் வந்துருக்கு! எண்ணிக்கை கம்மிதான். ஆனா இப்படி உருகி எழுதுனவங்களுக்காகவே அந்த ஒம்பதப் போடலாம்னு இருக்கேன். அஞ்சையும் ஐயாவுக்கே அனுப்பிட்டேன்."

அவர் அதைக் குழுவிலும் அறிவித்துவிட்டார். கோமதி கடிதத்தைப் போட்டோ எடுத்துப் போட்டதும் குழுவின் சுருதியே மாறிப்போனது. ஹபிபுல்லா தனியாக அனுப்பினான்: "படிக்காமலே பேசிட்டேன்ணே. மன்னிச்சுக்கங்க. எங்கயாச்சும் கெடைக்குமான்னு தேடிக்கிட்டிருக்கேன்." மன்னித்துவிட்டேன் என்று பெருந்தன்மையாகப் பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ராஜபாளையம் டீலர் கூப்பிட்டார். "அண்ணே, யாரோ கோமதிக்கு நம்ம கட விலாசத்துல கார்டு வந்துருக்கு. நம்மகிட்ட அப்பிடி ஆளே கெடையாதே?" சொந்தக்காரப் பெண் என்று சமாளித்து, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

இன்னாசிமுத்து ஐயா எழுதியிருக்கிறார். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, புரை விழுந்த கண். "அன்புள்ள மகள் கோமதிக்கு, உன் கடிதத்தை என் மகள் மூன்று முறை வாசித்துக் காட்டினாள். நான்காம் முறை கேட்க வெட்கப்பட்டு, லென்ஸ் வைத்து நானே படித்தேன். உன் பிள்ளை நன்றாகப் படிப்பான். என் ஜெபத்தில் அவனும் உண்டு."

இல்லாத பிள்ளைக்கு ஜெபம். போனை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் வண்டியை எடுக்காமல் நின்றேன்.

பதில் போடாமல் விட்டால் மனுஷர் ஏங்கிப்போவார். அதனால் கோமதி இன்னொரு கடிதம் எழுதினாள். 'வெட்கப்படுகிற வீரனை எழுத உங்களுக்கு எப்படி ஐயா தோன்றியது?' என்று கேட்டாள். உண்மையில் அது நான் கேட்க ஆசைப்பட்ட கேள்வி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

செண்பகவல்லி கண்டுபிடித்துவிட்டாள். குழுவில் வந்த கோமதி கடிதத்தை என் போனில் படித்துக்கொண்டிருந்தவள், "இந்தப் பொம்பளையும் ஒங்கள மாதிரியே ரெண்டு வரிக்கொரு தடவ 'சத்தியமாச் சொல்றேன்'ங்கறா?" என்றாள். சிரித்தாள். அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பெரியவருக்குத் தெரிஞ்சா என்னங்க ஆகும்?"

"தெரியாது."

அவள் கறிவேப்பிலையை உருவ ஆரம்பித்தாள். நான் மிதவை மாற்ற மாடிக்குப் போனேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஹபிபுல்லா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் பிளாஸ்டிக் உறையில் ஒன்பதாம் இதழ். காரைக்குடியில் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினானாம். "ஒங்ககிட்ட ஒரு தடவ காட்டிட்டுத்தாண்ணே பிரிப்பேன்" என்றான். பாவி, அத்தனை ஆசையாக வந்தான்.

சேர்ந்து படித்தோம். நன்றாகத்தான் போனது. கடைசித் தாளைப் புரட்டினான்.

ரேஷன் கடை இல்லை. வரிசை இல்லை. மண்ணெண்ணெய் டின் இல்லை. கடைசிப் பக்கத்தில் இடி விழுகிறது, கந்தகனுக்குச் சக்தி திரும்பி வருகிறது, கையை உயர்த்திக்கொண்டு பறந்து போகிறான். 'அநீதிக்கு எச்சரிக்கை!' என்று கொட்டை எழுத்து.

"என்னண்ணே இது? கோமதி லெட்டர்ல வேற மாதிரில்ல இருந்துச்சு?" என்றான். வேறு பதிப்பாக இருக்கும் என்றேன். செங்குருவியில் எந்தக் காலத்தில் இரண்டாம் பதிப்பு போட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அலமாரியைக் குடைந்து என் பிரதியை எடுத்தேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்ததை வாங்கியது, எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. கடைசித் தாள் இல்லை. கம்பிப் பின்னில் ஒரு துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்பது என் வேலை. கையில் இந்த இதழ், காலுக்கடியில் டின். கிழிந்துபோன முடிவை அங்கே நின்றபடி நானே முடித்திருக்கிறேன். முடித்ததை மறந்து, அச்சில் படித்ததாகவே இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். பழைய கடையில் காமிக்ஸ் வாங்கிய எவனுக்கும் இந்த வியாதி இருக்கும். ஆனால் அதை ஐந்து ஊர் முத்திரையோடு அனுப்பிய முட்டாள் நான் ஒருத்தன்தான்.

ஆகஸ்ட் 16, சனி

எடிட்டர் குழுவில் எழுதிவிட்டார். குண்டு புக்குக்காக ஒன்பதாம் இதழை ஸ்கேன் செய்தபோது அவரும் பார்த்திருக்கிறார். "ஐந்து கடிதங்களும் அச்சில் வராத ஒரு முடிவைப் பாராட்டுகின்றன. அச்சில் வராதது எழுதியவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க முடியும். மேற்கொண்டு நான் சொல்ல விரும்பவில்லை. ஒன்பது இதழ்த் தொகுப்புத் திட்டம் கைவிடப்படுகிறது."

எப்படிக் கச்சிதமாகப் பொருந்துகிறது! நானே அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

குழுவில் காறித் துப்புகிறார்கள். 'கெழட்டு நரி.' 'இந்த வயசுல இந்த வேலையா?' 'கோமதியாம் கோமதி, தாத்தா சேலை கட்டிட்டாரு.' சிவநேசன் ஏன் பேசவில்லை என்று ஒருவன் கேட்டான். நான், "வருத்தமாக இருக்கிறது" என்று போட்டேன். அதை மட்டும்தான் போட்டேன். கையை வெட்டிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எடிட்டர் போனில் பொரிந்து தள்ளினார். "நேரடியாவே கேட்டுட்டேன் சார். என்ன சொல்றாருங்கறீங்க? 'கடுதாசி நான் எழுதல தம்பி. ஆனா அஞ்சு பேரும் ஒண்ணு போலச் சொல்றாகன்னா, அந்த ரேஷன் கடைய நான் எழுதித்தான் இருக்கணும். வயசாச்சு, எனக்கு மறந்துபோச்சு போல. என்னால ஒங்களுக்குச் சங்கடம், மன்னிச்சுக்கங்க'ங்கறாரு. நடிப்பப் பாத்தீங்களா?"

நடிப்பில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். "லைன் சரியாக் கேக்கல சார்" என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மூன்று தரம் டைப் செய்து மூன்று தரம் அழித்தேன். டீலர்களில் பாதிப் பேருக்கு என் நம்பர் தெரியும், செய்தி பரவினால் கம்பெனிவரை போகும். பெரியவருக்கு வெளியே போகிற வேலை இல்லை, குழுவிலும் இல்லை, நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இப்படி யோசிக்கிற இந்த மண்டையை என்ன செய்வது?

தட்டை எடுக்க வந்த செண்பகவல்லி நின்றாள். "அந்தக் கந்தகன் கதையவெல்லாம் நீங்க படிச்சீகளா, இல்ல சும்மா பக்கத்தப் பொரட்டுனீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போட்டுவிட்டேன். ஒன்றையும் விடவில்லை: பேனாக்கள், ஊர்கள், கோமதி, கிழிந்த கடைசித் தாள், அவர்மேல் பழி விழுந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது. என் பிரதியின் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டேன்.

வசவு மழை. எல்லாம் நியாயமான வசவு. அவரைக் கெழட்டு நரி என்றவனே என்னை ரெட்டை நரி என்றான். ஹபிபுல்லா ஒன்றும் போடவில்லை. செய்தியைப் பார்த்ததற்கு நீல டிக் மட்டும் விழுந்தது. வசவைத் தாங்கிக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியவில்லை.

மாலையில் எடிட்டர் பேசினார். குரலில் சூடே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஐயாகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுட்டேன். அவரு பேரு சுத்தமாயிருச்சு. ஆனா புக்கு எப்படிப் போடறது? இப்ப அவருக்கு ஒரு லெட்டர்கூட இல்லயே சார்."

ஆகஸ்ட் 28, வியாழன்

லீவு போட்டுவிட்டுச் சாத்தூர் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வாசலில் நின்றதும் ஒன்றும் ஞாபகம் இல்லை.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். திட்டியிருக்கலாம். காலில் விழப் போனேன், தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். மகள் காபியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"ஒரு விதத்துல நிம்மதி தம்பி" என்றார். "ரேஷன் கட எழுதுனது ஞாபகத்துக்கே வரலயேன்னு ராத்திரியெல்லாம் போட்டுக் கொழப்பிக்கிட்டுக் கெடந்தேன். புத்தி பெரண்டுபோச்சோன்னு பயந்து, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போன்னு மகள நச்சரிச்சேன். இப்ப ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

இதைக் கேட்பதற்கு நான் செத்திருக்கலாம்.

"கோவில்பட்டி வாத்தியாரு?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா. நாந்தான்."

"தேனி, உடுமலை?"

"நாந்தாங்கய்யா."

"பழனியில பூக்கட வச்சிருக்க தம்பி? நல்லா எழுதியிருந்தானே."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். கோமதியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"ஒங்க சொந்தப் பேருல எழுதுனது எது? அத எடிட்டரு எனக்கு அனுப்பலயோ?"

"என் பேருல எழுதலங்கய்யா."

"ஏன்?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "பத்திரிகையில பேரு வந்தா டீலருக, ஆபீஸ்காரங்க பாப்பாங்க. இந்த வயசுல காமிக்ஸுக்கு லெட்டர் எழுதறானேன்னு... வெக்கமா இருந்துச்சுங்கய்யா."

அவர் முகம் அப்போதுதான் வாடியது. பழியைத் தாங்கிய முகம், இதற்கு வாடியது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நானும் எழுந்து போகத் தைரியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

பிறகு மெதுவாக எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து வந்தார். ஸ்டாம்பெல்லாம் ஒட்டி இருந்தது. மேலே அந்தக் கோணல் எழுத்தில் கோமதியின் பெயரும் ராஜபாளையம் விலாசமும்.

"வெக்கப்படுற ஆள எழுத எப்படித் தோணுச்சுன்னு கேட்டிருந்துச்சு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயா, கொஞ்சம் நீளமாப் போச்சு. கண்ணு தெரியாததால ஒரு வாரமா எழுதுனேன். போஸ்ட் பண்ணப் போற அன்னைக்குத்தான் எடிட்டரு போன் பண்ணாரு."

"ஐயா, அந்தக் கேள்வி மட்டும் நெசமாவே நான் கேட்டதுங்கய்யா" என்றேன். "குடுங்கய்யா. நான் படிக்கிறேன்." கையை நீட்டினேன்.

உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"இது அந்தப் புள்ளைக்கு எழுதுனது தம்பி" என்றார்.

கொடுக்கவில்லை.